டேப்பட் சத்தம்

"எதை மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மாத்திடுறேன்" என்றான் யாகப்பன்.

ஹாஜிரா டீச்சர் வண்டியைப் பார்த்தார். பிறகு யாகப்பனைப் பார்த்தார்.

அது பழைய டீசல் வேன். மேல்மலையில் அவன் ஊரான மூங்கில்காட்டுக்கு அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. காபி மூட்டையும் சௌசௌவும் அதில்தான் வத்தலக்குண்டுக்கு இறங்கின. அரிசியும் மருந்தும் அதில்தான் ஏறின.

போன வாரம் ஏற்றத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், வண்டி உதறிக்கொண்டு நின்றுபோனது. பிரேக் பிடிப்பதற்குள் பின்னால் உருண்டது. யாரோ குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அதிலிருந்து ஊரில் பாதிப் பேர் நடந்தே இறங்குகிறார்கள்.

நடக்க முடியாதவர்களும் இருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள மேல போயாகணும் டீச்சர். எங்க ஊர்ல ஒரு பொண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிடுச்சு."

ஹாஜிரா முன்பு ஐடிஐயில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவர். இப்போது வத்தலக்குண்டு பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். யாகப்பனைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி யாருடையதோ, அவர்தான் ஸ்பேனர் பிடிக்க வேண்டும். டீச்சர் தொடமாட்டார்.

"வண்டி என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"ஃபில்டர் மாத்திட்டேன். நாஸில் மாத்திட்டேன். பம்பைக் கழட்டி மதுரைக்கு அனுப்பிச் சரிபண்ணியாச்சு. டேங்கைக்கூடக் கழுவிட்டேன்."

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்கல அண்ணே. வண்டி என்ன செய்யுது?"

யாகப்பன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"உதறுது."

"எப்ப?"

"எப்பவும்தான்."

வேனிலிருந்து அவன் மனைவி லூர்துமேரி இறங்கி வந்தாள். டிக்கெட் கொடுப்பது, சில்லறை வாங்குவது, மூட்டை பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. எல்லா நடையிலும் அவனுக்குப் பக்கத்து சீட்டில்தான் வருவாள்.

"எப்பவும் இல்லீங்க டீச்சர். காலையில வந்து..."

"நீ சும்மா இரு மேரி" என்றான் யாகப்பன். "எஞ்சின் விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

டீச்சர் ஒரு ஸ்டூலை எடுத்து பானெட்டுக்கு முன்னால் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணிட்டு இதுல உக்காருங்க. கையைக் கட்டிக்கோங்க. எதையும் தொடக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

டீச்சர் டீ வாங்கப் போய்விட்டார்.

யாகப்பன் உட்கார்ந்தான். மலையிலிருந்து இறங்கி வந்து வெகுநேரம் நின்றிருந்ததால் எஞ்சின் ஆறியிருந்தது. ஒழுங்காக ஓடியது. வீட்டில் கத்தித் தீர்த்த பிள்ளை டாக்டரைக் கண்டதும் சிரிக்குமே, அதுபோல இருந்தது. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. டீச்சர் தன்னைப் பொய்யன் என்று நினைப்பாரோ?

வெகுநேரம் கழித்துத்தான் அது தொடங்கியது. முதலில் லேசாக ஒரு விக்கல். பிறகு இன்னொன்று. பிறகு வண்டி முழுவதும் நடுங்கியது. சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது.

கை பரபரத்தது. எதையாவது திருக வேண்டும் போல இருந்தது. கட்டிய கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். டீசல் வராததாலா? தண்ணீர் கலந்ததாலா? அப்படியானால் முதலில் எப்படி ஓடியது? மதுரைக்காரன் பம்பைக் கெடுத்துவிட்டானா? அதற்கு முன்பே உதறியதே. ஒரு நினைப்பு இன்னொன்றை இடித்துத் தள்ளியது.

டீச்சர் வந்தார்.

"என்ன செஞ்சுது?"

"முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. சூடாக சூடாக உதறுது."

"இது உங்களுக்குப் புதுசா?"

"இப்பத்தான் கவனிக்கிறேன்."

டீச்சர் லூர்துமேரி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"மழைக்கு முன்னாடியே தெரியும்ங்க. ஊர்ல கிளம்புறப்ப ஒன்னும் இருக்காது. ஏத்தத்துல வரும்போதுதான் சீட்டு நடுங்கும். இறக்கத்துல மறுபடி அடங்கிடும்."

யாகப்பன் அவளைப் பார்த்தான். "ஏன் இத்தனை நாளா சொல்லல?"

அவள் பைபாஸில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஸ்பேனரை நீட்டினார். "நாலு சிலிண்டர் இருக்கு. ஓடும்போதே ஒவ்வொன்னுக்கும் போற டீசல் குழாய் நட்டை லேசாத் தளர்த்துங்க. கேட்டுட்டு மறுபடி இறுக்கிடுங்க."

"எதுக்கு?"

"கேளுங்க."

துணியைச் சுற்றிக்கொண்டு முதல் நட்டைத் தளர்த்தினான். எஞ்சின் தடுமாறியது. இறுக்கினான். இரண்டாவதைத் தளர்த்தினான். அதற்கும் தடுமாறியது.

மூன்றாவதைத் தளர்த்தினான். ஒரு மாற்றமும் இல்லை. முன்பு எப்படி உதறியதோ அப்படியே உதறிக்கொண்டிருந்தது.

நான்காவதற்குத் தடுமாறியது.

"மூணாவது வேலையே செய்யல" என்றான். முகம் தெளிந்தது. "மூணாவது நாஸில்தான். புதுசு வாங்கிப் போட்டுட்டா முடிஞ்சுது."

"புதுசு வேண்டாம். அதை ஒன்னாவதுல போடுங்க. ஒன்னாவதை மூணுல போடுங்க."

எஞ்சினை நிறுத்தி, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் அந்த இரண்டு நாஸில்களையும் கழற்றினான். மாற்றிப் போட்டான். மறுபடி ஓடவிட்டான். கெட்ட நாஸில் இப்போது முதல் சிலிண்டரில் இருக்கிறது, இனி முதல் சிலிண்டர்தான் செத்துக் கிடக்க வேண்டும் என்று நம்பி அதன் நட்டைத் தளர்த்தினான்.

எஞ்சின் தடுமாறியது. முதல் சிலிண்டர் உயிரோடு இருந்தது.

மூன்றாவதைத் தளர்த்தினான். ஒன்றுமில்லை.

யாகப்பன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நாஸில் இல்லையா?"

"இல்ல."

"நாஸிலை நான் எத்தனை முறை மாத்தினேன்!"

"தெரியும்."

"டீசலும் வருது. தளர்த்தும்போது மூணாவதுலயும்தான் பீச்சுச்சு. பின்ன என்னதான் குறை? எனக்கு ஒன்னுமே புரியல டீச்சர். வரும்போது கொஞ்சமாவது தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அது நல்லது" என்றார் டீச்சர். "ஆஃப் பண்ணுங்க. சூடு ஆறுறதுக்குள்ள முன்னாடி புல்லியில பெரிய ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால சுத்துங்க."

சுற்றினான். ஒரு சிலிண்டர் காற்றை அமுக்கும்போது கை கனத்தது. தாண்டியதும் இளகியது. அடுத்தது கனத்தது. அதற்கடுத்த இடத்தில் கனக்க வேண்டிய கை வழுக்கிக்கொண்டு போனது. எதிர்பாராமல் படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல இருந்தது. மறுபடி கனத்தது.

திரும்பவும் சுற்றிப் பார்த்தான். அதே இடத்தில் அதே வழுக்கல்.

"காத்து நிக்கல" என்றான் மெதுவாக. "எங்கயோ மூடாம இருக்கு."

டீச்சர் எஞ்சின் தலைமேல் இருந்த மூடியைக் காட்டினார்.

மூடியைக் கழற்றினான். சிலிண்டர்களைத் திறந்து மூடும் வால்வுகளை அழுத்துகிற டேப்பட்டுகள் எண்ணெயில் பளபளத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. டீச்சர் மெல்லிய கேஜ் தகடு ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு வால்வுக்கும் மேலே இருக்கும் இடைவெளியில் விட்டுப் பார்க்கச் சொன்னார். சில இடங்களில் தகடு சிரமப்பட்டு நுழைந்தது. மூன்றாவது சிலிண்டரில், புகை போகிற வால்வின் மேல், அது நுழையவே இல்லை. அங்கே இடைவெளியே இல்லை.

யாகப்பன் தகட்டை எடுத்துக்கொண்டு நின்றான். அந்த டேப்பட்டின் நட்டை அவனுக்குத் தெரியும்.

அவன் முதலில் வைத்திருந்த ஜீப் எப்போதும் ஒரு சின்னச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நடுக்காட்டில் எஞ்சின் உடைந்து போனது. அதன் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் உடனே வண்டியை நிறுத்திவிடுவான். இந்த வேனில் டிக் டிக் என்று கேட்டபோது மூடியைக் கழற்றி, சத்தம் வந்த இடத்தைத் தேடி இறுக்கினான். கொஞ்ச நாளில் மறுபடி கேட்டது. மறுபடி இறுக்கினான். சத்தம் சுத்தமாக நின்ற அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

"சத்தம் வந்துச்சு டீச்சர். அதான்."

"சூடானா இரும்பு நீளும் அண்ணே. நீள்றதுக்கு இடம் இல்லேன்னா வால்வு மூடாது."

அவ்வளவுதான் சொன்னார்.

எஞ்சினை ஆறவிட்டார்கள். லூர்துமேரி கொண்டுவந்திருந்த சாப்பாட்டை மூவரும் சாப்பிட்டார்கள். பிறகு யாகப்பன் கேஜ் தகட்டை வைத்து வைத்து ஒவ்வொரு டேப்பட்டாகத் தளர்த்தி அளவு பிடித்தான். மூன்றாவதில் தகடு வழுவழுவென்று போய் வந்தது. வால்வு இன்னும் எரிந்துபோகவில்லை என்று டீச்சர் சொன்னார். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் எரிந்திருக்குமாம்.

மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தான்.

வண்டி சூடாகும்வரை காத்திருந்தார்கள். உதறவில்லை. புகையும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது எஞ்சின் முழுசாக உறுமியது. மூன்றாவது சிலிண்டரின் டீசல் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்த்தான். உடனே தடுமாறியது. சிரித்துக்கொண்டே இறுக்கினான்.

பிறகு அவன் முகம் மாறியது. தலையைச் சாய்த்துக் கேட்டான்.

டிக் டிக் டிக் டிக்.

"டீச்சர், அந்தச் சத்தம் வருதே."

"வரும்."

"போகப்போக நின்னுடுமா?"

"நிக்காது. இடைவெளி இருந்தா சத்தமும் இருக்கும்."

"கொஞ்சமாவது குறைக்கலாமா?"

டீச்சர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"குறைங்க" என்றார்.

யாகப்பன் ஸ்பேனரோடு நின்றான். எஞ்சினைப் பார்த்தான். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். தகரத்தின் மேல் வெயில் சாய்ந்திருந்தது.

லூர்துமேரி பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, போய்த் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பேனரை ஸ்டூலின் மேல் வைத்தான். பானெட்டைச் சாத்தினான். வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

டிக் டிக் டிக் டிக்.

"என்னமோ சொல்ல வந்தியே, மேரி."

"ஒன்னுமில்ல."

"சொல்லு."

வண்டியைக் கிளப்பவில்லை. அவன் கியரில் கை வைக்காமல் காத்திருந்தான். அவள் அவனை நம்பலாமா என்பதுபோலப் பார்த்தாள்.

"ஏத்தத்துல நீங்க கியரை ரொம்ப லேட்டா மாத்துறீங்க" என்றாள். "எப்பவுமே."

யாகப்பனுக்குச் சுருக்கென்றது. குனிந்து கியரைப் பார்த்தான்.

"அப்புறம்?" என்றான்.