கடலைக் கட்டியவரும் கலங்கிய தண்ணீரும்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பயந்த சுபாவக்காரர்கள் நடுவில் வந்துவிடுங்கள். இது கடலுக்கு அடியில் இறங்குகிறவர்களின் கதை, ஓரமாக உட்கார்ந்து கேட்டால் கால் கூசும்.

ராசாக்கள் முத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்ட காலம் அது. தெற்குக் கடலோரத்தில் சங்கந்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் ஆண்களுக்கு ஒரே தொழில்தான். மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்க வேண்டும், கைக்குக் கிடைத்த சிப்பியை அள்ள வேண்டும், மூச்சு முட்டுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.

இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் யார் தெரியுமா? அவனுடைய மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். பெற்ற அப்பன் வந்து கேட்டாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதே என்ற கவலை மச்சானுக்குத்தானே இருக்கும்! விவரமான ஜனங்கள்தான், சும்மா சொல்லக்கூடாது. அவ்வளவு விவரமான ஊரில்தான் இந்தக் கூத்து நடந்தது.

கயிறு பிடிப்பவர்களில் ஒருவன் உடையான். அவன் தங்கை நாச்சி. நாச்சியின் புருஷன் கண்டன், முத்துக் குளிப்பதில் கெட்டிக்காரன். கண்டன் தண்ணீருக்குள் இருக்கிற நேரமெல்லாம் உடையானின் கண் கயிற்றின் மேலேயே இருக்கும். கையில் கயிறு வெடுக்கென்று இழுபடும்வரை மேலே இவனும் மூச்சு விடமாட்டான். கயிறு துடித்ததோ இல்லையோ, உள்ளங்கைத் தோல் உரிந்தாலும் நிறுத்தாமல் இழுப்பான்.

அப்படி என்ன பயம் என்கிறீர்களா? சுறா பயம்தான்.

அதற்குக் காவலாக ஊரில் ஒரு கடல்கட்டி இருந்தார். இருளப்பர் என்று பேர். முத்துக் குளிக்கிற நாளில் கரையில் ஒரு பானைத் தண்ணீருக்கு முன்னால் உட்காருவார். மந்திரம் சொல்லிப் பானையின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுவார். பானையின் வாயைக் கட்டினால் சுறாவின் வாயையும் கட்டியதாக அர்த்தம். "கட்டியாச்சு, போங்க" என்பார். அந்த வார்த்தை காதில் விழாமல் ஒருவனும் கடலில் இறங்கமாட்டான்.

அப்படியானால் சுறா யாரையும் பிடித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பிடித்தது! அங்கேதான் சங்கதி இருக்கிறது.

முதலில் சேந்தனைப் பிடித்தது. இழுத்தபோது வெறும் கயிறு மட்டும் மேலே வந்தது. ஊரே நடுங்கியது. இருளப்பர் கண்ணை மூடி யோசித்தார். "காலையில என்ன தின்னான்?" என்று கேட்டார். மீன் தின்றிருந்தான். "அதானே பார்த்தேன்! மீன் வாடையோட இறங்கினா கட்டு எப்படி நிக்கும்?" என்றார். ஊர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

அடுத்து மாடனைப் பிடித்தது. ஊர் மறுபடியும் நடுங்கியது. "கிளம்புறப்போ யாரோடயாவது சண்டை போட்டானா?" என்றார் இருளப்பர். அண்ணனோடு போட்டிருந்தான். "கோபத்தோட இறங்கினா கட்டு எப்படி நிக்கும்?" என்றார். ஊர் மறுபடியும் பெருமூச்சு விட்டது.

மூன்றாவதாக வேம்பனைப் பிடித்தது. பாவம், அவன் மீனும் தின்னவில்லை, சண்டையும் போடவில்லை. ஊருக்குத் திக்கென்று ஆகிவிட்டது. அப்போது கூட்டத்தில் யாரோ, "அவன் பெண்டாட்டி தலைவிரி கோலமா வாசல்ல நின்னா, நான் என் கண்ணால பார்த்தேன்" என்றார்கள். அவ்வளவுதான், பழி அந்தப் பெண் தலையில் விழுந்தது. ஊர் பெருமூச்சு விட்டுக்கொண்டு சாப்பிடப் போனது.

நான் யாரையும் குத்திக் காட்டவில்லை. ஆனால் செத்தவன் வீட்டில் ஒரு தப்பு அகப்பட்டதும் மற்றவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. உடையானுக்கும் வந்தது. சொல்லப்போனால் துருவித் துருவிக் கேட்டவர்களில் முதல் ஆள் அவன்தான். நம்ம வீட்டில் இந்தத் தப்பெல்லாம் நடக்காது, நம்ம மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்வான்.

ஒருநாள் மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனான். நாச்சி அடுப்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணே, இந்தக் கைய முறிச்சுப் போடு."

"என்ன புள்ள உளர்றே?"

"சேந்தன் செத்த அன்னைக்கு நானும் மீன் குழம்புதான் வச்சேன். இவரும் சட்டிய வழிச்சுத் தின்னுட்டுத்தான் இறங்கினாரு. மாடன் செத்த அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. வேம்பன் செத்த அன்னைக்கு எனக்குத் தலைய வாரி முடியக்கூட நேரமில்ல, அப்படியே வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல. ஒருநாள் நானே அவரைக் கொன்னுடுவேன் அண்ணே!"

உடையானுக்குக் கோபம் தலைக்கேறியது. கையை ஓங்கிவிட்டான். உள்ளே கண்டன் குறட்டை விடும் சத்தம் கேட்டது. மூன்று தப்பும் நடந்த வீட்டுக்காரன், மூன்று நாளும் முழுசாகத் திரும்பி வந்தவன், காலை நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

அன்றே உடையான் தோணிக்காரர் வீடு வீடாகப் போனான். முதலில் எல்லோரும் "சீச்சீ, எங்க வீட்டிலயா?" என்றார்கள். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்தார்கள். அப்புறம் அவன் காதோரம் வந்து மெல்லச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மீன், ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் இரண்டும்! அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

அடக் கடவுளே, செத்தவன் வீட்டில் மட்டும்தானே தப்பைத் தேடினோம், பிழைத்தவன் வீட்டில் ஒருநாளும் தேடவில்லையே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் கூடியது. தப்பு செய்யாதவனுக்குச் சாவில்லை என்று இத்தனை நாள் ஒரு தைரியம் இருந்தது. இப்போது அதுவும் போச்சு.

அப்படியானால் அந்த மூன்று நாளும் பொதுவாக என்னதான் இருந்தது? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் அவன் கைதான் ஞாபகப்படுத்தியது. அந்த நாட்களில் இழுத்த கயிறெல்லாம் வழவழவென்று சேறு அப்பியிருந்தது. கண்டனும் மேலே வந்ததும், "சிப்பி எது கல் எதுன்னே தெரியல மச்சான், தண்ணி ஒரே கலங்கல்" என்று இருமிக்கொண்டே சொல்லியிருந்தான். தெளிந்த தண்ணீரில் சுறா வருவதைக் கண்ணால் பார்த்துக் கயிற்றை வெடுக்கென்று இழுத்து மேலே தெரிவிக்கலாம். கலங்கலில் எதைப் பார்ப்பது?

உடனே துள்ளிக் குதிக்கவில்லை உடையான். சூடுபட்டவன் அல்லவா? மறுபடியும் வீடு வீடாகப் போய் எதிர்க் கேள்வியையும் கேட்டான். கலங்கின தண்ணீரில் இறங்கிப் பிழைத்தவன் உண்டா? உண்டு, நிறைய உண்டு. தெளிந்த தண்ணீரில் இறங்கிச் செத்தவன் உண்டா? அப்படி ஒருவன்கூட யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

மறுநாள் காலை கடலைப் பார்த்தான். அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கிக் கிடந்தது.

இருளப்பர் பானையைக் கட்டினார். "கட்டியாச்சு, போங்க" என்றார். கண்டன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை நீட்டினான். உடையான் வாங்கவில்லை.

"இன்னைக்கு வேணாம் மாப்பிள்ளை. தண்ணி கலங்கிக் கிடக்கு."

"கட்டியாச்சுன்னு சொன்னாரே, காதுல விழலையா மச்சான்?"

"விழுந்துச்சு. அவங்க மூணு பேரு செத்த அன்னைக்கும் விழுந்துச்சு."

இருளப்பர் எழுந்து வந்தார். "டேய், நீ சந்தேகப்பட்டா கட்டு அவிழும்டா. இன்னைக்கு எவன் செத்தாலும் அது உன்னாலதான்!"

அத்தனை கண்ணும் உடையான் மேல் திரும்பியது. சாவு வருவதற்கு முன்னாலேயே தப்பு தயாராகிவிட்டது, தப்புக்காரனும் தயார். வேம்பனின் பெண்டாட்டியை இதே மாதிரிதானே நாமும் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

"நாச்சிக்குப் பெரியப்பா மகன் இருக்கான்ல? வாடா, நீ கயிறைப் பிடி!" என்று கண்டன் கத்தினான். அவனும் முன்னால் வந்துவிட்டான்.

இனி பேசிப் பிரயோஜனம் இல்லை. உடையான் தடாலென்று இருளப்பர் காலில் விழுந்தான்.

"ஐயா, என் பயம்தான் தப்பு. அதை நீங்களே போக்கணும். எங்க தோணியில வாங்க. சிப்பி கிடக்கிற இடத்துல உட்கார்ந்து, காலை மட்டும் தண்ணியில தொங்கப் போடுங்க. மாப்பிள்ளை மேல வர்ற வரைக்கும் போட்டிருந்தா போதும். அப்புறம் சாகுற வரைக்கும் நான் வாயைத் திறக்கல."

காலை நனைக்கத்தானே சொல்கிறான்! ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஏறினார். மற்றத் தோணிகளும் பின்னாலேயே வந்தன.

சிப்பி கிடக்கிற இடம் வந்தது. ஆளை அடிக்கு இழுத்துப் போகும் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டன் தயாராக நின்றான். இருளப்பர் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தார். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு காலை இறக்கினார். கட்டைவிரல் தண்ணீரைத் தொடும் முன்னால் கால் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடியும் இறக்கினார், மறுபடியும் வந்துவிட்டது. மூன்றாம் தடவை இரண்டு கையாலும் தொடையை அமுக்கினார். வியர்த்து ஊற்றியது. கால் இறங்க மறுத்துவிட்டது.

அப்போது தோணிக்கு அடியில் என்னமோ உரசியது. தோணி ஒரு பக்கம் மெல்ல எழும்பி, மெல்ல அமர்ந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கலங்கல்தான் தெரிந்தது. கண்டன் கல்லைக் கையிலிருந்து விட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

இருளப்பர் குழந்தைமாதிரி அழுதார். "நான் ஏமாத்துக்காரன் இல்லடா. என் மந்திரத்தை நான் நிசமாத்தான் நம்பினேன். ஒவ்வொருத்தன் செத்தப்பவும் ஏதாவது ஒரு தப்பு அகப்படணுமேன்னு தவிச்சேன். அவங்ககிட்ட அகப்படலேன்னா, தப்பு என்கிட்டன்னு ஆயிடுமேடா!"

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு யாருக்கு யோக்கியதை இருந்தது? கண்டன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மச்சான் மடியில் வைத்தான். தோணிகள் கரைக்குத் திரும்பின. நாச்சி இடுப்பளவு தண்ணீருக்கு ஓடிவந்து புருஷனைக் கட்டிக்கொண்டாள்.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

சாயங்காலம் ஊரே மேளத்தோடு உடையான் வீட்டுக்கு வந்தது. முன்னால் வந்தவர்கள் கையில் மாலையும் பானையும் இருந்தன. "நீ வேணாம்னு சொன்னே, ஒருத்தனும் சாகல. உன் வாக்குல சக்தி இருக்கு. இனிமே எங்களுக்கு நீதான் கடல்கட்டி!"

தோணி எழும்பியபோது பயந்ததைவிட உடையான் இப்போது பயந்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு கும்பிட்டான்.

"அய்யய்யோ, அந்த மாலைய என் கழுத்துல போட்டுடாதீங்க. போட்டா நாளைக்கு ஒருத்தன் செத்ததும் அவன் வீட்டுல தப்பு தேடிக்கிட்டு நானும் வந்து நிப்பேன். என்னைப் பார்க்காதீங்க, தண்ணியப் பாருங்க. நான் சொன்னது தப்பாப் போன நாளையும் ஞாபகம் வச்சுக்கிட்டு எங்கிட்டயே வந்து சொல்லுங்க."

ஜனங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள். கண்டன் மட்டும் போகவில்லை.

"மச்சான், நாளைக்கும் கலங்கலா இருந்தா?"

"இறங்க வேணாம்."

"தெளிஞ்சிருந்தா பயமில்லையே?"

உடையான் உரிந்துபோன உள்ளங்கையைத் தடவிக்கொண்டான். "தெளிஞ்சிருந்தாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. கயிறைக் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன், நீ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு இறங்கு."

இந்தக் கதையின் நீதி இதுதான்: நாம் நம்புவது சரி என்று காட்டும் சாட்சியை எவ்வளவு ஆசையோடு தேடுகிறோமோ, அது தப்பு என்று காட்டும் சாட்சியையும் அவ்வளவு அக்கறையோடு தேட வேண்டும்.