மணல்மேடு கட்டிய நண்டு

ஒரு காட்டில் மரமே கிடையாது, குழந்தைகளே. கடலை ஒட்டிய மணற்காடு அது. அங்கே ஒரு நண்டு இருந்தது. ஈர மணலை வாயில் அள்ளிப் போட்டு, அதிலிருக்கும் இரையைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைப்பதுதான் அதன் பிழைப்பு.

உருண்டைகளை அடுத்த அலை கொண்டுபோய்விடும். பின்னாலிருந்த மணல்மேடோ வளர்ந்துகொண்டே போனது. நண்டு இரண்டையும் முடிச்சுப் போட்டது.

"அடேயப்பா, இந்த மேட்டைக் கட்டுவது நானா!" என்று பூரித்துப்போனது. அன்றுமுதல் தன்னை மேஸ்திரி என்றே சொல்லிக்கொண்டது.

ஒருநாள் வெள்ளெலி பதறிக்கொண்டு வந்தது.

"மேஸ்திரி அண்ணே, உங்கள் மேடு என் வளைப் பக்கமாக நகர்ந்து வருகிறது. குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. வேறு வளை தோண்டட்டுமா?"

"எதற்கு வீண் சிரமம், தங்கச்சி? நான் வேலையை நிறுத்தினால் மேடும் நின்றுவிடும். நிம்மதியாகப் போய்த் தூங்கு."

வெள்ளெலி நம்பிப் போனது. நண்டும் உருட்டுவதை நிறுத்தியது. உருட்டாவிட்டால் சாப்பாடும் கிடையாது என்பது பிறகுதான் அதற்கு உறைத்தது. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்றே! வயிறு ஒட்டிப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தது.

எப்போதும் குனிந்தே கிடந்த நண்டு அன்றுதான் நிமிர்ந்து பார்த்தது. கடல் நீரோட்டம் எங்கிருந்தோ மணலை இழுத்து வந்தது. அலை அதைக் கரையில் தள்ளியது. வெயிலில் காய்ந்த மணலைக் காற்று வாரி, மேட்டின் உச்சிவரை ஏற்றி, அந்தப் பக்கம் சரித்துவிட்டது. அந்தப் பக்கம்தான் வெள்ளெலியின் வளை.

நண்டுக்குப் பகீரென்றது. உண்மையைச் சொன்னால் மேஸ்திரிப் பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் குட்டிகள் போய்விடும். பசியோடு, பக்கவாட்டிலேயே விழுந்தடித்து ஓடியது.

"தங்கச்சி! குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடு! நான் மேஸ்திரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!"

வெள்ளெலி கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்ததும் மணல் சரிந்து வளையை மூடியது.

மறுநாள் நண்டு பழையபடி உருட்டித் தின்றுகொண்டிருந்தது. அந்த வழியாக வந்த நாரை அண்ணாந்து பார்த்தது.

"இவ்வளவு பெரிய மேட்டை யாரப்பா கட்டியது?"

"கடல் கொண்டுவந்தது, காற்று கட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்றது நண்டு.

நீதி: பக்கத்தில் இருந்ததாலேயே எதுவும் நம் சாதனை ஆகிவிடாது, அது புரிந்த உடனே வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.