எழும்பாத வில்லை

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சிஷ்யைக்கு ஐம்பத்தாறு. கல்லூரி வாட்ச்மேன் முதல் நாளே ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு, சிஷ்யைக்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தார். விஷயம் தெரிந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

சிஷ்யை பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இருந்த வீட்டையும் விற்றுவிட்டு, பாளையங்கோட்டைக்கு வந்து ஷாகிதா மேடத்திடம் ஆய்வுக்குச் சேர்ந்தாள். முழங்கால் குருத்தெலும்பு பற்றிய ஆய்வு. மேடமும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பவர்களிடம், சின்ன வயசு ஆசை என்பாள். அது பொய். வீட்டில் இருந்தால் கண் வாசலை விட்டு நகரவில்லை. வேறு காரணம் கிடையாது.

அவளுக்கு ஒரே மகன், கதிரேசன். ஆறு வருஷத்துக்கு முன்னால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றான். கோபத்தில், "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். மிதிக்கவில்லை. அவள் பேச்சை அவன் அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். இப்போது அந்த வாசற்படியும் அவளுடையது இல்லை. அவனுக்குத் தெரிந்து மிச்சமிருப்பது அவளுடைய பழைய போன் நம்பர் மட்டும்.

ஆய்வகத்தில் முதல் நாள், ஆட்டு முழங்காலின் குருத்தெலும்பைத் தடவிக்கொண்டு அவள் கேட்டாள்.

"ரத்தமும் கிடையாது, நரம்பும் கிடையாது. இம்புட்டுப் பாரத்த இது எப்படி மேடம் தாங்குது?"

"உள்ள ஒரு வலை இருக்கு டீச்சர், கொலாஜன். அந்த வலைக்குள்ள இன்னொரு புரதம் மாட்டிக்கிட்டு இருக்கு, அக்ரிகேன்னு. பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கும். அதுல ஒவ்வொரு நாருக்கும் தண்ணி தாகம்."

"குடிச்சா தீராதா?"

"தீரக் குடிக்க வலை விடாது."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகு மூன்று வாரம், ஆட்டு முழங்கால்களிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை வெள்ளையாக வில்லைகள் வெட்டிச் சேர்த்தாள். பாதி வில்லைகளை வெறும் உப்புநீரில் போட வேண்டும். மீதியை என்சைமில் போட வேண்டும். அந்த என்சைம் வலையைத் தொடாது. பிரஷ்ஷின் நார்களை மட்டும் மழித்துவிடும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

என்சைம் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றுவதற்குள் நின்றுபோனது. திருப்பிக் கூப்பிட்டால் யாரோ கூரியர்காரர். வேறு யாரையோ தேடினார். அவள் திரும்பி வந்து, மிச்சமிருந்த எல்லாக் குழாய்களிலும் என்சைமையே ஊற்றினாள்.

உப்புநீர்க் குழாய்களிலும் என்சைம் போனது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அப்போதே போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். நேராக மேடத்தின் மேஜைக்குப் போனாள்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன் மேடம். ஒண்ணுகூட மிஞ்சல."

"போன் வந்துச்சோ?"

"ஆமா."

"மகனா?"

"இல்ல."

ஷாகிதா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது செண்பகவல்லிக்கு.

"இனிமே இப்படி ஆகாது மேடம். சாயந்திரம் போயி நம்பர மாத்திடுதேன்."

"அந்த நம்பரையா?"

"அதேதான். அது அடிக்கும்போதெல்லாம் கைவேலைய விட்டுட்டு ஓடுதேன். அடிக்கலேன்னா அதையே பாத்துக்கிட்டு கெடக்கேன். ஆறு வருஷம் போதும். என்னால முடியல. இந்த ஏக்கம் மட்டும் இல்லேன்னா நான் நிம்மதியா இருப்பேன். இருப்பேன்ல மேடம்?"

ஷாகிதா எழுந்து போய், கெட்டுப்போன வில்லைகளில் ஒன்றை எடுத்து வந்தார். குளிர்பெட்டியில் ஒரு முழங்கால் மிச்சமிருந்தது. அதிலிருந்து புதிதாக ஒரு வில்லை வெட்டினார். இரண்டையும் கண்ணாடித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடைக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார்.

"வாங்க டீச்சர், டீ குடிச்சிட்டு வருவோம்."

கேட்டதற்குப் பதில் இல்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் போனாள். கேன்டீனில் மேடம் தன் மகள் பல் விழுந்த கதையைச் சொன்னார். பாதிக்கு மேல் அவள் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்ததும் ஷாகிதா இரண்டு கற்களையும் எடுத்தார். இரண்டு வில்லைகளுமே நசுங்கித் தட்டையாகக் கிடந்தன. சுற்றிலும் தண்ணீர் கசிந்திருந்தது.

"உப்புநீர் விடுங்க."

அவள் சொட்டுச் சொட்டாக விட்டாள். இருவரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் புதிய வில்லை தண்ணீரை இழுத்தது. ஓரம் மெதுவாக உப்பியது. அரை மணி நேரத்தில் பழையபடி பொத்தானாக எழும்பி நின்றது.

மற்றது அப்படியே கிடந்தது.

அவள் இன்னும் ஐந்தாறு சொட்டு விட்டாள். குனிந்து, மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"எந்திரி" என்றாள் வாய்க்குள். பிறகு, "எந்திரிடா."

பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூட நாள் தவறாமல் மகனை எழுப்பிய வார்த்தை அது. ஆறு வருஷமாக வாயில் வரவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மேடம் காதில் விழாதது போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வலை அறுந்துட்டுதா மேடம்?"

"இல்ல. வலை அப்படியேதான் இருக்கு."

"தண்ணியும் விட்டாச்சு."

"விட்டாச்சு."

"பெறகு ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?"

"தாகம் இல்ல டீச்சர்."

அவள் அந்த நசுங்கிய வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுக்கு...?"

ஷாகிதா அந்த வில்லையை விரல் நுனியால் லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"நிம்மதியாத்தான் படுத்திருக்கு."

செண்பகவல்லி பைக்குள்ளிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். சத்தத்தை முழுக்கக் கூட்டி, மேஜையில் தன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.