உறையின் அடியில் ஒரு துளை

கரடிமலைப் பாளையத்தில் தோல் வேலை தெரிந்தவர்கள் பலர் இருந்தாலும், வெட்டுக்கத்திக்கு உறை தைப்பதில் இரண்டே பேரைத்தான் ஊர் பேசியது. ஒருவன் கூத்தப்பன். மற்றவன் அவனுடைய தங்கை வேம்பாயியைக் கட்டிய சடையாண்டி. மச்சானும் மாப்பிள்ளையும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். ஆனால் யார் இலையில் முதலில் சோறு விழுகிறது என்று இரண்டு பேர் கண்ணும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உறை தைத்த ஆண் தன் அடையாளத்தை அதன் வாயோரம் பதிப்பது அங்கே வழக்கம். பெண்கள் தைக்கலாம், எண்ணெய் தேய்க்கலாம். பதிக்க அவர்களுக்கு அடையாளம் கிடையாது. சிறந்த உறைக்காரருக்கு அரண்மனை தரும் இருவாச்சிப் பறவை முத்திரையோ நாட்டிலேயே ஒருவரிடம்தான் இருக்கும். அதை வைத்திருந்தவர் இறந்துபோகவே, பாளையக்காரர் ஒரு போட்டி அறிவித்தார். இருவரும் ஆளுக்கோர் உறை தர வேண்டும். மலையில் பாதை வெட்டப் போகும் ஆட்கள் அவற்றை ஒரு மாதம் இடுப்பில் கட்டி வேலை செய்வார்கள். கத்தி கெடாமல் திரும்பி வருவதற்கு யாருடைய அறிவு காரணமோ, அவருக்கே முத்திரை.

கூத்தப்பனின் தையல்தான் நேர்த்தியானது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவனுக்கு வாய் கிடையாது. சடையாண்டிக்கோ வாய்தான் பாதி மூலதனம். வாடிக்கைக்காரர்கள் தன் வாசலைத் தாண்டி மாப்பிள்ளை வாசலுக்குப் போவதைப் பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கூத்தப்பனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

சடையாண்டி வீட்டில் பழைய உறைகளைப் பிரித்துச் சீர்படுத்துவது வேம்பாயியின் வேலை. துரு எப்போதும் கத்தியின் நுனியில்தான் தொடங்கும் என்று அவள் கண்டிருந்தாள். போட்டிக்கான உறையைக் கணவன் தைக்கும்போது மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அடியில ஒரு துளை விட்டா மழைத்தண்ணி இறங்கிப் போயிருமே?"

"ஓட்டை உறை தெச்சவன்னு ஊரு சிரிக்கவா? நீ எண்ணெயைத் தேய்."

அவள் எண்ணெயைத் தேய்த்தாள். ஆனால் உறையின் வாயோரம் கணவன் தன் அடையாளத்தை அழுத்திப் பதித்தபோது அவளுக்கும் பொறாமையாகத்தான் இருந்தது.

உறையை முற்றத்தில் உலரவைத்துவிட்டுச் சடையாண்டி ஆற்றுக்குக் குளிக்கப் போனான். அந்த நேரம் பார்த்துத் தங்கையைப் பார்க்க வந்தான் கூத்தப்பன். வீட்டில் யாரும் இல்லை. உறையைக் கையில் எடுத்தான். இந்த முறை மாப்பிள்ளை உண்மையிலேயே நன்றாகத் தைத்திருந்தான்! அதைத்தான் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்த துளையுளியை எடுத்து, உறையின் அடியில் குன்றிமணி அளவுக்கு ஒரு துளை போட்டான். கத்தி நுனி அதன் வழியே வெளியே வந்து கட்டியவன் தொடையைக் கிழிக்கும், முதல் நாளே உறையைத் தூக்கி எறிவார்கள் என்பது அவன் கணக்கு. போட்டுவிட்டுப் போய்விட்டான்.

வேம்பாயி வந்து பார்த்தாள். துளையின் விளிம்பில் சிறு பிசிறு. அண்ணனின் உளியில் ஒரு முனை உடைந்திருப்பது அவளுக்குத் தெரியும். ஒட்டுப் போட்டு அடைக்க அரை நாழிகை போதும். அவள் அடைக்கவில்லை. அடித்தையலைப் பிரித்து, துளையை மூடாமல், கத்தி நுனி மட்டும் அதை எட்டாதபடி உள்ளே ஒரு தடித்த தோல் துண்டை வைத்துத் திரும்பத் தைத்தாள். கணவன் வருவதற்குள் உறையைத் துணியில் சுற்றி அரண்மனைக்குக் கொடுக்கத் தயாராக வைத்தாள்; அவனிடம் மூச்சு விடவில்லை.

மாதம் முழுக்க மழை. உறைகள் சபைக்கு வந்தன. கூத்தப்பனின் உறையில் ஒரு தையல்கூட விடவில்லை. அதனால் வாய்வழியே புகுந்த தண்ணீரும் வெளியேறவில்லை. துருப்பிடித்த கத்தியை இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. சடையாண்டியின் உறையிலிருந்து கத்தி பளபளவென்று வந்தது. பாளையக்காரர் உறையைத் திருப்பித் துளையைப் பார்த்தார்.

"அடடா, என்ன மூளையய்யா உனக்கு!"

சடையாண்டி ஒரு கணம் விழித்தான். பிறகு, "எல்லாம் மகாராசா ஆசீர்வாதம்" என்று கும்பிட்டான்.

தோற்றதைக்கூடக் கூத்தப்பன் தாங்கியிருப்பான். தான் போட்ட துளைக்கு மாப்பிள்ளை பாராட்டு வாங்குவதை எப்படித் தாங்குவான்?

"மகாராசா, அந்தத் துளை நான் போட்டது!" என்று கத்தினான். "கெடுக்கணும்னுதான் போட்டேன், மறைக்கல. ஆனா நான் போடலேன்னா இந்தக் கத்தியும் துருப்பிடிச்சிருக்கும். முத்திரை எனக்குத்தான்!"

உளியை வைத்துப் பார்த்தார்கள். பிசிறு பொருந்தியது.

"உறை முழுக்க நான் தெச்சது. திருட்டுத்தனமா ஒரு ஓட்டை போட்டா உறையே உன்னுதாயிருமா மச்சான்?" என்றான் சடையாண்டி.

பெண்கள் பக்கமிருந்து வேம்பாயி எழுந்து, கணவனிடம் முன்பு தான் சொன்னதையும், உள்ளே வைத்துத் தைத்த துண்டையும் சபைக்குச் சொன்னாள். "துளை போட்டது அண்ணன். அடைக்காம விட்டது நான்" என்று முடித்தாள்.

தைத்தவன், துளைத்தவன், துளையை விட்டுவைத்தவள். இந்த மூவரில் இருவாச்சி முத்திரை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வேம்பாயிக்கே. கூத்தப்பன் துளைத்தது தொடையைக் கிழிக்க. அவன் விட்டபடியே விட்டிருந்தால் உறை குப்பைக்குப் போயிருக்கும். சடையாண்டி துளையைப் பார்த்திருந்தால் உடனே அடைத்திருப்பான். அது எதற்கு உதவும் என்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். அறிவித்தது அறிவுக்கான பரிசு. பாளையக்காரரும் அப்படியே தீர்ப்புச் சொன்னார். கூத்தப்பன் வாய்விட்டுச் சிரித்தான். மாப்பிள்ளைக்குப் போகாத முத்திரை எங்கே போனால் அவனுக்கென்ன? சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் கையிலிருந்த முத்திரையையே பார்த்தபடி வீடுவரை நடந்தான். அன்று முதல், பொறாமைப்பட அவன் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை.