தாடி வெச்ச ராணி

ஒரு ஊர்ல ஒரு ராணி இருந்தா. அந்த ராணிக்குத் தாடி இருந்துச்சு.

சிரிக்காதே வாண்டு. சிரிச்சா தூக்கம் கலைஞ்சிடும், அப்புறம் உங்கம்மா என்னைத்தான் திட்டுவா. காலை நீட்டிப் படு. நெசமாத்தான் சொல்றேன், கருகருன்னு தாடி, கழுத்தே தெரியாது. நீ "ம்" கொட்டினாத்தான் கதை நடக்கும். கொட்டலைன்னா ராணி அங்கேயே நின்னுடுவா, பாவம்.

"ம்."

அது நெச ராணி இல்லை, கூத்து ராணி. செய்யாத்துப் பக்கம் ஏகாம்பரம்னு ஒருத்தன். கூத்துல பொம்பளை வேஷம் கட்டுறவன். புடவை கட்டி, சவுரி வெச்சுப் பின்னி, பூச்சூடி வந்து நின்னான்னா பொம்பளைங்களே வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்ப்பாங்க. கொசுவம் எப்படி இவ்வளவு அழகா நிக்குதுன்னு கிட்ட வந்து பார்த்துட்டுப் போவாங்க. பத்து வருஷமா அவன்தான் ராணி. வேற யாருக்கும் அந்த வேஷத்தை விட்டுக் கொடுத்ததில்லை.

அவனுக்கு ஒரே ஒரு கர்வம், அவனோட மோவாய். தினம் காலையில கண்ணாடி முன்னாடி உக்காந்து சரக் சரக்னு வழிப்பான். வழிச்சு முடிச்சு இப்படித் தடவிப் பார்ப்பான், அப்படித் தடவிப் பார்ப்பான். "வாழைத்தண்டு தோத்துச்சு போ"ன்னு அவனே சொல்லிப்பான். அடுத்தவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கிற ஆளு இல்லை அவன்.

அப்போ அவன் பொண்டாட்டி பூங்காவனம் மாசமானா. மாசமானான்னா வயித்துக்குள்ள பாப்பா. பொண்டாட்டி மாசமா இருந்தா, புள்ளை பொறக்கிற வரைக்கும் புருஷன் முடியெடுக்கக் கூடாது, தாடி வழிக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கமெல்லாம் ஒரு வழக்கம்.

பூங்காவனம் அவனைக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வெச்சா. "மாமா, போன தடவை கூத்து கூத்துன்னு தினம் வழிச்சே. அந்தப் புள்ளை தங்கலை. இந்தத் தடவை உன் மூஞ்சி மேல கத்தி படக் கூடாது. சத்தியம் பண்ணு"ன்னா.

தாடிக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிறியா? ஒரு சம்பந்தமும் கிடையாது, நான் சொல்றேன். ஆனா அவ மனசுக்கும் தாடிக்கும் சம்பந்தம் இருந்துச்சே. கட்டின தொட்டிலை வெறும் தொட்டிலா அவிழ்த்து மடிச்சவ அவ. ஏகாம்பரம் அவ கண்ணைப் பார்த்தான். "சத்தியம்"னு கையடிச்சுக் கொடுத்துட்டான்.

ம் சொல்லு.

"ம்."

கொடுத்துட்டான் சரி, தாடி வளக்கிறது லேசுப்பட்ட காரியமா? முதல் மாசம் முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ராத்திரி பகல் பாக்காம பரக் பரக், பரக் பரக்னு சொறிஞ்சான். பக்கத்து வீட்டுக்காரி "பெருச்சாளி தோண்டுதாடி"ன்னு பூங்காவனத்தைக் கேட்டா. ரெண்டாவது மாசம் வலது கன்னத்துல காடு மாதிரி மொளைச்சுது, இடது கன்னத்துல எலி கடிச்ச பாய் மாதிரி அங்கங்க ஓட்டை. வெங்காயச் சாறு தடவுன்னு ஒருத்தன் சொன்னான். தடவினான். முடி வரலை, ஈ வந்துச்சு. ங்ஙொய்ய்ய்னு மூஞ்சியைச் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் கூழு குடிச்சா பாதிக் கூழு தாடிக்குப் போகும். மத்தியானம் தின்ன முருங்கைக்கீரை சாயங்காலம் அங்கேயே உக்காந்திருக்கும். "நாளைக்குன்னு எடுத்து வெச்சிருக்கியா மாமா?"ன்னு பூங்காவனம் கேப்பா.

ஆனா வெள்ளிக்கிழமையானா அவளே கூப்பிடுவா. "நீ தாடி வளக்கிற, நான் புள்ளை வளக்கிறேன். வா, ரெண்டு பேரும் எண்ணெய் தேச்சுக்கலாம்"னு நல்லெண்ணெயைக் காய்ச்சி அவன் தாடியில வெச்சு, சீயக்காய் போட்டு அலசி, ஈர்வலிச் சீப்பால இழுத்து இழுத்துச் சிக்கெடுப்பா. அவன் "ஆ, ஊ"ன்னு கத்துவான். "இதுக்கே கத்தறியே, எனக்கு வலி வரும்போது நான் எவ்வளவு கத்தணும்?"னு கேப்பா. உடனே வாயை மூடிப்பான். அந்தக் கவனிப்புல தாடி தளதளன்னு எறங்கிடுச்சு.

அப்போ பார்த்து மாசி மாசம் வந்துச்சு. கூத்து மாசம். கூத்துக்குத் தலைவரை வாத்தியாருன்னு சொல்லுவாங்க. அவரு ஏகாம்பரத்தைப் பார்த்துட்டு, "யாருய்யா நீ, சாமியாருக்கு இங்க என்ன வேலை?"ன்னாரு. அடையாளம் தெரிஞ்சதும் தலையில கை வெச்சுக்கிட்டாரு. "ராணிக்குத் தாடியா! வழிச்சிட்டு வாடா!"

"சத்தியம் பண்ணிட்டேன் வாத்தியாரே. ஒளிச்சு வெச்சுக்கிறேன்"ன்னான்.

"மூணாவது தடவை வெளிய தெரிஞ்சுது, ராணி வேஷத்தை மாணிக்கத்துக்குக் கொடுத்துடுவேன். நீ வாசல்ல வேல் பிடிச்சுக்கிட்டு நிக்கிற காவக்காரன். ஆயுசுக்கும்."

மாணிக்கம்னா அதே கூத்துல காவக்காரன் வேஷம் கட்டுறவன். அந்த மாணிக்கத்துக்குப் புடவை கட்டினா சாக்கு மூட்டைக்குக் கட்டின மாதிரி இருக்கும். அவனா ராணி?

முதல் ஊரு. ஏகாம்பரம் தாடியைச் சின்னதாப் பின்னி, மடிச்சு ரவிக்கைக்குள்ள சொருகி, மேல அட்டிகை, காசுமாலைன்னு பெட்டியில இருந்த நகையை எல்லாம் பூட்டிக்கிட்டான். ஜல் ஜல் ஜல்னு வந்து நின்னான். எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்புறம் உச்சத்துல ஒரு பாட்டு. "ஆஆஆஆ"ன்னு கழுத்தைத் தூக்கினான். சடக்! பின்னல் வெளிய துள்ளிடுச்சு.

முன்னாடி உக்காந்திருந்த ஒரு வாண்டு, உன்னை மாதிரிதான் அதுவும், "ஐயோ! ராணி அணிலை முழுங்கிட்டா, வாலு தொங்குது!"ன்னு கத்துச்சு. வாத்தியாரு வாசிச்ச ஆர்மோனியம் கொய்ங்னு நின்னு போச்சு. அவரு ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாரு.

ரெண்டாவது ஊரு. இந்தத் தடவை முந்தானையை எடுத்து மூஞ்சியைப் பாதி மூடிக்கிட்டான். வெக்கப்படற ராணியாம். சரிதான்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அப்போ ராஜா போருக்குக் கெளம்பற கட்டம். ராஜா குனிஞ்சு, "கண்ணே, போய் வரவா?"ன்னு ராணி முகத்துக்கிட்ட வந்தாரு. வந்தவரோட கிரீடத்துல கண்ணாடி, பாசிமணி, கம்பின்னு ஆயிரம் தொங்குது. அது முந்தானைக்குள்ள போயி தாடியில மாட்டிக்கிச்சு. ராஜா நிமிரப் பார்க்கிறாரு, முடியலை. ராணி "ஆ! மெல்ல! மெல்ல!"ங்கிறா. "போய் வரவா?"ன்னு ராஜா நாலு தடவை கேட்டாரு, போக முடிஞ்சாத்தானே? கடைசியில ரெண்டு பேரும் தலையை ஒட்டவெச்சுக்கிட்டே நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து உள்ள போனாங்க.

வாத்தியாரு ரெண்டாவது விரலையும் தூக்கிட்டாரு. "மூணாவது ஊருதான் கடைசி. மாணிக்கம் புடவை மடிச்சு வெச்சிருக்கான்"ன்னாரு.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

மூணாவது ஊரு எந்த ஊரு தெரியுமா? பூங்காவனத்தோட அம்மா ஊரு. வளைகாப்பு முடிஞ்சு அவ அங்கதான் இருந்தா. ஏகாம்பரம் அவளைப் பார்த்து முழுசா ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்கு மத்தியானம் முடிதிருத்தறவரு பெட்டியோட வந்து உக்காந்துட்டாரு, வாத்தியாரு அனுப்பினது. கத்தியைத் தோல் வார்ல தீட்டிக்கிட்டே, "ரெண்டே இழுப்பு தம்பி. வேஷம் நிக்கும்"ன்னாரு. சர்ர்ட் சர்ர்ட்னு தீட்டறாரு. ஏகாம்பரத்துக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்துடுச்சு, வரலைன்னு சொன்னா பொய். பத்து வருஷ ராணியாச்சே. ஆனா அவ முகம் ஞாபகம் வந்துச்சு. "வேணாங்க, எழுந்திருங்க"ன்னுட்டான்.

அப்புறம் உக்காந்து யோசிச்சான். பழைய வேட்டியைக் கிழிச்சான். சோத்துக் கஞ்சியில நல்லாத் தோய்ச்சான். தாடியை மோவாய்க்கு அடியில சுருட்டி, அது மேல துணியை இழுத்து ஒட்டி, காதுக்குப் பின்னால முடிச்சு போட்டான். வெயில்ல உக்காந்தான். கஞ்சி மொறமொறன்னு காஞ்சுது. அது மேல மஞ்சளா அரிதாரம் பூசினான். கண்ணாடியில பார்த்தா, அடேயப்பா, பழைய வாழைத்தண்டு!

வாத்தியாரே ஏமாந்துட்டாரு. "எடுத்துட்டியா? இப்பத்தான்டா நீ மனுஷன்"னு முதுகுல தட்டினாரு. ஏகாம்பரம் மோவாயைப் பிடிச்சுக்கிட்டே நகர்ந்துட்டான். பாடறதுக்கு முன்னாடியே கஞ்சி வெடிச்சிடக் கூடாதேன்னு பயம்.

வெளக்கு வெச்சதும் கூத்து ஆரம்பிச்சுது. தாம் தரிகிட தாம்னு மத்தளம். ராணி வந்தா. சனம் அப்படியே சொக்கிப் போச்சு. ராஜா போருக்குப் போயிட்டாரு, அவரு திரும்பி வர்ற வரைக்கும் தலையில பூ வெக்க மாட்டேன்னு ராணி பாடற கட்டம். பாடிக்கிட்டே ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்தான். முன் வரிசையில, பாயில, தூணு மாதிரி காலை நீட்டிக்கிட்டு, நெறைஞ்ச வயித்தோட பூங்காவனம்.

அவ பாட்டைக் கேக்கலை. அவன் மோவாயையே பார்த்துக்கிட்டு இருந்தா. மொழுமொழுன்னு இருக்கிற மோவாய்.

அவ வயித்து மேல கையை வெச்சுக்கிட்டா. அம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல மெல்ல எழுந்திரிச்சா, வீட்டுக்குப் போக.

ஏகாம்பரம் அதைப் பார்த்துட்டான். நான் எடுக்கலைடின்னு எப்படிச் சொல்லுவான்? சொன்னா வேஷம் போச்சு. சொல்லலைன்னா அவ போறா. பாட்டு பாதியில நிக்குது. மத்தளக்காரன் தாம் தாம்னு அதே இடத்துல தட்டிக்கிட்டு இருக்கான்.

ஏகாம்பரம் காதுக்குப் பின்னால கையை விட்டான். முடிச்சை இழுத்தான். சர்ர்ர்ர்ர்! கஞ்சித்துணி கொஞ்சம் முடியையும் பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. "அம்மாடியோவ்!"னு ராணி கத்தினா. தாடி பொதபொதன்னு கீழ எறங்கி, அட்டிகையை மூடிக்கிட்டு நின்னுச்சு.

சனம் சிரிச்சுது பாரு! பாயில உருண்டு உருண்டு சிரிச்சாங்க. வாத்தியாரு மூணாவது விரலைத் தூக்கிட்டாரு. அப்போ கட்டியக்காரன் குதிச்சு முன்னாடி வந்தான். கூத்துல கோமாளி வேலை பார்க்கிறவன் அவன், வாயி சும்மா இருக்காது.

"மகாராணி! பூ வெக்காததுக்குக் காரணம் சொன்னீங்க. சரி. தாடி வெச்சதுக்குக் காரணம் என்னாங்க?"

சனம் இன்னும் சிரிச்சுது. ஏகாம்பரம் சிரிக்கலை. ராணிக் குரல்லயே, அதே ராகத்துல, பூங்காவனத்தைப் பார்த்துச் சொன்னான்:

"பூ வெக்காதது ராஜாவுக்காக. தாடி எடுக்காதது, அதோ நிக்கிறாளே, அவளுக்காக. என் புள்ளைக்காக. சத்தியம் பண்ணியிருக்கேன். வேஷம் போனாப் போகட்டும்."

சிரிப்புச் சத்தம் பட்டுன்னு நின்னுச்சு. எல்லாரும் திரும்பிப் பூங்காவனத்தைப் பார்த்தாங்க. ஒரு கெழவி குலவை போட்டா, "லுலுலுலுலு"ன்னு. அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் ஊருப் பொம்பளைங்க அத்தனை பேரும். பூங்காவனம் அழுதா, சிரிச்சா, மூக்கைச் சிந்தினா, மறுபடியும் பாயிலேயே உக்காந்துட்டா.

வாத்தியாரு தூக்கின விரலைப் பார்த்தாரு. அதே விரலால ஆர்மோனியத்தை அழுத்தி அடுத்த பாட்டை ஆரம்பிச்சுட்டாரு. விடிய விடிய தாடி ராணியே ஆடினா. மடிச்சு வெச்ச புடவையோட மாணிக்கம் திரை மறைவுலயே தூங்கிட்டான்.

மூணாம் நாளு "ஙா... ஙா..."ன்னு பொறந்துச்சு ஒரு பொம்பளைப் புள்ளை. சிவப்பா, கொழுகொழுன்னு, தலை நெறைய முடியோட. அந்த முடிதிருத்தறவரு மறுபடி வந்தாரு. இந்தத் தடவை ஏகாம்பரமே மோவாயை நீட்டினான். சரக் சரக், சரக் சரக். தாடி மடியில விழுந்துச்சு.

மோவாயைத் தடவிக்கிட்டே ஓடி வந்து பூங்காவனம் எதிர்ல நின்னான். "பாரு புள்ள, வாழைத்தண்டு!"ன்னான்.

அவ மேலயும் கீழயும் பார்த்தா. குழந்தையைப் பார்த்தா. மறுபடி அவனைப் பார்த்தா.

"என்ன மாமா, உரிச்ச கோழி மாதிரி இருக்க? அந்தத் தாடியோடதான் லட்சணமா இருந்தே. இன்னும் கொஞ்ச நாளு வெச்சிருக்கக் கூடாதா?"ன்னா.

பாவம், ஏகாம்பரம். பதில் சொல்றதுக்கு முன்னாடி யோசனையா தாடியை நீவலாம்னு கையைக் கொண்டு போனான். அங்க ஒண்ணுமே இல்லை.

ஏய், என் மோவாயில இருக்கிறதே ரெண்டு முடி, அதை ஏன் பிடிச்சு இழுக்கிற? விடு. ம் சொல்லு.

ம் காணோம். சரி சரி.

தாடியும் எடுத்தாச்சு, தொட்டிலும் நெறைஞ்சாச்சு, கதையும் முடிஞ்சாச்சு. தூங்கு கண்ணு.