வரப்பைத் தாண்டிய றெக்கை

அமலோற்பவத்திடம் வண்டியில் மருந்தடிக்கக் கற்றுக்கொள்ள வந்தபோது வையாபுரிக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு முப்பத்து நாலு.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் குருவின் வண்டி போகாத பாதை இல்லை. இரண்டு பேர் உட்காரும் சின்ன நாலு சக்கர வண்டி. பின்னால் மருந்து டேங்க். டேங்க்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரியும் நீளக் குழாய், குழாய் நெடுக மருந்தைப் பீய்ச்சும் நாசில்கள். கடைக்காரர்கள் அதை பூம் ஸ்பிரேயர் என்றார்கள். ஊரில் றெக்கை வண்டி என்றார்கள்.

வையாபுரி முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அதைத்தான் சொன்னார்கள். இப்போது நாலு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தார்.

"எந்த றெக்கை வாங்கலாம், அமலாம்மா?"

 குரு அவருடைய காட்டுக்கு வந்து, நாலு பக்கமும் வரப்பைச் சுற்றி நடந்தார். தெற்கு வரப்பில் நின்றார். அது குறுகல். நெடுகக் கல் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் நல்லுசாமியின் பருத்தி.

குரு சோளத்துக்குள் இறங்கி நின்று இரண்டு கைகளையும் விரித்தார். வலது கை வரப்பைத் தாண்டி பருத்திமேல் நீண்டது. கையை மடக்கிக்கொண்டார்.

"ஆறு மீட்டர் போதும். டேங்க் இருநூறு லிட்டர்."

"பத்து மீட்டர் வாங்கினா சீக்கிரம் முடியுமே."

"முடியும்."

"அப்புறம் என்ன?"

"அதுதான் பயம்."

வையாபுரி தலையாட்டினார். கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். பத்து மீட்டர் றெக்கை மெல்ல விரிந்தது. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். வையாபுரி அதையே வாங்கினார்.

குரு புது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். 

"ஒரு மாசம் வெறும் தண்ணி அடிங்க" என்றார்.

ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே ஒரு டம்ளர் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். எல்லா டம்ளரிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிறகு, காற்று வீசும் நேரத்திலும் வீசாத நேரத்திலும் ஓட்டிப் பார்த்து, மண் எதுவரை நனைந்தது என்று குனிந்து பார்க்க வேண்டும். வையாபுரி ஒன்பது நாள் குனிந்தார்.

பத்தாம் நாள் சோளத்துக்குள் களை கணுக்கால் உயரம் நின்றது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன் டம்ளர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தார். குருவிடம் சொல்லாமல் டேங்க்கில் களை மருந்தைக் கலந்தார். சோளத்தை ஒன்றும் செய்யாத மருந்து. பருத்திக்கு ஆகாதது.

பாதி டேங்க் முடிந்தபோது வாடைக்காற்று எழுந்தது. அவருடைய தலைத்துண்டு இரண்டு முறை அவிழ்ந்தது. இரண்டு முறையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

தெற்கு வரப்போரம் வந்தபோது றெக்கையின் நுனி கல்லில் தட்டப் பார்த்தது. றெக்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். சீக்கிரம் முடிக்கலாம் என்று பிரஷரைக் கூட்டினார். மருந்து துளியாக விழாமல் புகையாகப் பறந்தது. பார்க்க அழகாக இருந்தது.

மருந்தடித்த ஆறாம் நாள் நல்லுசாமி கூப்பிட்டார்.

"அண்ணே, செத்த வந்து பாருங்க."

பருத்தியின் இலைகள் சூம்பி, கோழிக்கால் விரல்போல் நீண்டிருந்தன. மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன. வையாபுரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 

"என் மருமக செஞ்ச வேலைண்ணே" என்றார் நல்லுசாமி. "களை மருந்து அடிச்ச கேனைக் கழுவாம, அதுலயே பூச்சி மருந்தை ஊத்தி அடிச்சிருக்கா."

மருமகள் கலைமணி நாலடி தள்ளி நின்றாள். முதுகில் கட்டிய கைத்தெளிப்பான் கேனை இன்னும் இறக்கவில்லை.

"கழுவுனேன் மாமா. ரெண்டு தடவை கழுவுனேன்."

"கழுவுனா ஏன் இப்படி ஆவுது? நீங்க சொல்லுங்கண்ணே, நாலும் தெரிஞ்சவரு."

இரண்டு பேரும் வையாபுரியைப் பார்த்தார்கள்.

"கேனைக் கழுவுறது முக்கியந்தான்" என்றார் வையாபுரி.

 அந்தச் சொல்லில் பொய் எதுவும் இல்லை. கலைமணி குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

அன்று வையாபுரிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் குருவின் கொட்டகைக்குப் போனார். குரு ஒரு நாசிலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துல மருந்து எவ்வளவு தூரம் போகும், அமலாம்மா?"

"யாரு காட்டுல?"

"பொதுவாக் கேக்குறேன்."

குரு நாசிலைக் கீழே வைத்தார். துணிக்குப் போடும் சொட்டு நீலப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காட்டில் டேங்க்கைக் கழுவிப் பாதிக்குத் தண்ணீர் நிரப்பச் சொல்லி, புட்டி முழுவதையும் அதில் கவிழ்த்தார். வாடை வீசிக்கொண்டுதான் இருந்தது.

"சட்டையைக் கழட்டிக் குடுங்க."

வையாபுரி அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. கழற்றிக் கொடுத்தார். குரு அதை ஒரு குச்சியில் மாட்டி, வரப்பைத் தாண்டி, பருத்திக்குள் ஏழாவது வரிசையில் நட்டார். திரும்பி வந்தார்.

"இப்ப அடிங்க. அன்னைக்கு அடிச்ச மாதிரியே."

எந்த அன்றைக்கு என்று வையாபுரி கேட்கவில்லை. றெக்கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். பிரஷரைக் கூட்டினார். வரப்போரம் ஒரு முறை போய்த் திரும்பினார்.

குரு சட்டையை எடுத்துவந்து கொடுத்தார். முன்பக்கம் முழுக்கக் கடுகு போட்டதுபோல் நீலப்புள்ளிகள்.

"போட்டுக்குங்க" என்றார் குரு. வண்டியேறிப் போனார்.

வையாபுரி போட்டுக்கொண்டார். நேராக நல்லுசாமி வீட்டுக்குத்தான் நடந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வாசலில் கலைமணி கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"வாங்க டிரைவர் மாமா. சட்டையில என்ன, நீலமா இருக்கு?"

"சொட்டு நீலம்மா. கை தவறிடுச்சு."

"கழட்டிக் குடுங்க. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போயிடும்."

"வேணாம்மா."

திரும்பி நடந்தார். தெருமுனை தாண்டியதும் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே வந்த ஒருவர், "என்ன டிரைவரே, தலை சுத்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்.

மறுநாள் மீண்டும் குருவிடம் வந்தார்.

"பெரிய துளி விழுற நாசிலா மாத்திட்டேன். பிரஷரைக் குறைச்சுட்டேன். றெக்கையில ரெண்டு ஓரத்தையும் மடக்கிக் கட்டி, ஆறு மீட்டராக்கிட்டேன். இனிமே காத்து எழுந்தா பாதியிலயே நிறுத்திடுவேன்."

"சரி."

"வேற என்ன சரி பண்ணணும்?"

"வண்டியிலயா?"

வையாபுரி தரையைப் பார்த்தார்.

"வண்டியில இனி ஒண்ணும் இல்லை" என்றார் குரு.

அன்று பிற்பகல் வையாபுரி மறுபடி போனபோது நல்லுசாமியும் வீட்டில் இருந்தார். கலைமணி உள்ளே இருந்தாள். வையாபுரி உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணையும் கூப்பிடு, நல்லு."

கலைமணி வந்து கதவோரம் நின்றாள். வழியில் சொல்லிப் பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

"மருந்து என்னுது" என்றார். "காத்துல அடிச்சேன். காத்து இருந்தது எனக்குத் தெரியும்."

நல்லுசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மெல்ல எழுந்தார்.

"அன்னைக்குக் காட்டுல நின்னீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேனைப் பத்திச் சொன்னீங்களா?"

"ஆமா."

வாசலில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வையாபுரி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் சோளத்துல பாதி உனக்கு, நல்லு."

"அதை அறுவடையில பேசிக்கலாம். நான் இந்தப் பிள்ளையைப் பேசின பேச்சை எங்க கொண்டு போடுறது?"

நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மருமகளின் முகத்தைப் பார்க்காமலே போனார்.

வையாபுரி கலைமணியிடம் திரும்பினார்.

"அம்மா" என்று தொடங்கினார்.

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மாமா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நான் அடிச்சது காடு முழுக்க. சுருண்டது உங்க வரப்போரம் மட்டும். கேனா இருந்தா எல்லா இடத்துலயும்தானே சுருண்டிருக்கணும்?"

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. முப்பது வருஷம் ஒரு தப்பும் பண்ணாத மனுசன் சொல்றாரேன்னு, என் கையையே நான் நம்பல."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. வையாபுரி அந்தத் திறந்த கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக்கு வந்தார்.

ஒரு வாரம் கழித்து, குருவிடம் போய்த் தண்ணீர் அடிப்பதை முதல் நாளிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டார். குரு டம்ளர்களை எடுத்துக் கொடுத்தார்.

பருத்தியில் ஓரத்து எட்டு வரிசை தேறவில்லை. மீதி பூத்தது. நல்லுசாமி வழியில் எதிர்ப்பட்டால், "போறீங்களா" என்று மட்டும் கேட்டார்.

ஒருநாள் காலை குருவும் வண்டியில் கூட வந்தார். காற்று அசையவில்லை. வையாபுரி தெற்கு வரப்போரம் மெல்ல ஓட்டினார். றெக்கை முழங்கால் உயரத்தில் வந்தது. தண்ணீர் பெரிய துளிகளாக நேரே கீழே விழுந்தது. பருத்திக்குள் கலைமணி களை வெட்டிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வையாபுரியைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

வையாபுரி நாசில்களை மூடினார். வண்டியை நிறுத்தினார்.

"வண்டியை வித்துடலாம்னு இருக்கேன், அமலாம்மா."

"வித்துட்டு?"

"தெரியல. அந்தப் பொண்ணு நிமிர்ந்து பாக்குறப்பல்லாம் கூசிப்போகுது. ராவும் பகலும் கூடவே வருது. இந்த வெக்கம் என்னை விட்டு எப்ப இறங்கும்?"

குரு வண்டியை விட்டு இறங்கினார். தான் உட்கார்ந்திருந்த இருக்கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டார்.

"அது எதுக்கு இறங்கணும், டிரைவரய்யா? வரப்போரம் ஓட்டுறப்ப இங்கயே உக்காந்து வரட்டும்."