பேரு வெட்டின பாத்திரம்

ஏய், உக்காருங்கப்பா எல்லாரும். டீச்சரம்மா வர்ற பஸ்ஸு இன்னும் ரயில்வே கேட்டத் தாண்டல. ராக்கம்மாக்கா, உங்க நாத்தனார் கதைய அப்புறம் வச்சுக்கலாம், வாய மூடுங்க. சந்தியாகு, கால மடக்கு, ஆள் நடக்கணும். அருளாயியப் பாருங்க, கிளாஸுல சேந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கா? அப்படி இருக்கணும். இங்கிலீஷுல பெரிய வார்த்தையெல்லாம் மண்டையில நிக்கலன்னு அழுவுறீங்கல்ல? அது ஏன் அப்படி ஆச்சுன்னு சொல்றேன்.

அந்தக் காலத்துல காக்கா பேசும், பூனை பேசும், அடுப்படியில இருக்குற பாத்திரமும் பேசும். வார்த்தைன்னு தனியா ஒண்ணு கிடையாது, பாத்திரந்தான் வார்த்தை. மாங்காயச் சொல்லணுமா, மாங்காப் பாத்திரத்த எடுத்து வைக்கணும். அதுவே வாயத் தொறந்து பேரச் சொல்லும். பாத்திரம் இல்லேன்னா கையக் காட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

இங்கிலீஷம்மான்னு ஒருத்தி இருந்தா. எந்நேரமும் மழை பெய்யிற ஊரு. வீட்டுல எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணம். மாடு, பன்னி, மழை, சேறு, இந்த மாதிரி. அவ மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சு. சம்பந்தியம்மா வந்தா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, குரல இப்பிடி இழுத்து:

“பந்தியில எங்க ஆளுங்க எதக் கேட்டாலும் பேரச் சொல்லி வைக்கணும். ஒண்ணு தவறுனாலும் மாப்பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பிருவோம், ஆமா.”

மக ஓன்னு அழுவுறா. “நம்ம வீட்டுல மழையையும் சேத்தையும் விட்டா என்னம்மா இருக்கு?”

“அழுவாதடி. நம்மகிட்ட இல்லேன்னா ஊருல இல்லயா?”

கெளம்பிட்டா, வீடு வீடா. பிரெஞ்சு மேடம் இருக்கே, அது மூக்காலயே பேசும். “ம்ம்ம்... தொழுவத்துல நிக்கிறப்ப உன் கிண்ணத்துல மாடுன்னு வச்சுக்க. தட்டுக்கு வந்துட்டா என் பாத்திரத்துல பீஃப்னு வை. அப்பத்தான் மருவாதி.” அரபிக்காரர் வீட்டுல சக்கரைக்கும் காப்பிக்கும் வாங்கிக்கிட்டா. கிரேக்கத்துக்காரரு டிபன் கேரியரவே தூக்கிக் குடுத்துட்டாரு.

“தாயி, இது டெலி அடுக்கு, தூரத்துக்கு. இது போனு, சத்தத்துக்கு. இது ஸ்கோப்பு, பாக்குறதுக்கு. எத எதோட வேணும்னாலும் மாட்டிக்க.”

கடைசியா நம்ம தமிழம்மா வீடு. “அக்கா, மாங்காய்க்கு ஒண்ணு, கட்டுமரத்துக்கு ஒண்ணு, சுருட்டுக்கு ஒண்ணு.”

“கல்யாண வீட்டுல சுருட்டு எதுக்குடி?”

“சம்பந்தி ஊதுவாருக்கா.”

“கொண்டு போ. எல்லாத்துலயும் அடியில பேரு வெட்டியிருக்கு. திருப்பித் தர்றப்ப வெறுசாத் தந்துறாத. ரெண்டு பலகாரமாச்சும் போட்டுத் தா, அதான் முறை.”

கல்யாணத்தன்னைக்கு சம்பந்தியம்மா கேக்காத பொருள் இல்ல. இவளும் டக்கு டக்குன்னு எடுத்து வைக்கிறா. பந்தியில இருந்து எந்திரிக்கும்போது கடல் பக்கம் கைய நீட்டி, “அந்தா, தூரமா மெதக்குதே, அது என்னவாம்?”னு ஒரு போடு போட்டா. இங்கிலீஷம்மா டெலியோட ஸ்கோப்ப மாட்டி, ஒத்தக் கண்ண மூடிப் பாத்தா. பாத்துட்டு ஒரு பாத்திரத்த எடுத்து வச்சா. அது “கட்டுமரம்!”னு கத்துச்சு. தாலி ஏறிருச்சு.

மறுநாளு பாத்திரத்தத் திருப்பணுமே. உள்ள என்னத்தப் போடுறது? மழைத் தண்ணியும் சேறும் போட்டா குடுக்க முடியும்? வெக்கமாப் போச்சு அவளுக்கு. கதவச் சாத்திக்கிட்டு, பேர அழிச்சு எல்லாத்தையும் நம்மளுதாவே ஆக்கிருவோம்னு புளியப் போட்டுத் தேச்சா, சாம்பலப் போட்டுத் தேச்சா, கடைசியில செங்கல்ல வச்சே தேச்சா. “ஐயோ, எம்பேரு, எம்பேரு”ன்னு பாத்திரமெல்லாம் அலறுது. தேச்ச தேய்ப்புல வாய்தான் நெளிஞ்சுது. மாங்காய் மேங்கோன்னுச்சு, கட்டுமரம் கேட்டமரான்னு கொழறுச்சு, சுருட்டு செரூட்டாப் போச்சு. அடியில பேரு அப்பிடியே இருக்கு.

தமிழம்மா வாசல்ல வந்து நின்னா. “என்னடி, பாத்திரம்?”

“அதுக்குப் பதிலா இத வச்சுக்கங்கக்கா”ன்னு பஸ்ஸுப் பாத்திரத்தத் தூக்கிக் குடுத்தா. பளபளன்னு இருக்கேன்னு தமிழம்மாவும் வாங்கிட்டு வந்து கவுத்துப் பாத்தா, அடியில ‘ஆம்னிபஸ்’னு லத்தீன்காரர் வீட்டுப் பேரு!

அன்னையில இருந்துதான் இங்கிலீஷுல பெரிய வார்த்தை பாதிக்கு மேல அடியில அடுத்த வீட்டுப் பேரோட கெடக்கு. அதனால முட்டி முட்டி மனப்பாடம் பண்ணாதீங்க. அடுக்கக் கழட்டுங்க, கவுத்துப் பாருங்க. எந்த வீட்டுதுன்னு தெரிஞ்சா உள்ள இருக்குறதும் தெரிஞ்சிரும். எரவல் வாங்குனவ எப்பிடித் தேச்சாலும் பேரு போவாதுங்க!

கதை சொன்ன அண்ணன் முடிச்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. அருளாயி மட்டும் தட்டல. மெதுவா வாயத் தொறந்தா.

“அண்ணே, பொங்கலுக்கு வாங்கிட்டுப் போன எங்க டிபன் கேரியரையும் செத்தக் கவுத்துப் பாருங்க. பலகாரமெல்லாம் வேணாம், வெறுசாவே குடுங்க.”